வாயைப் பொத்திய வைத்தியம்

கோதை அக்காவைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் எனக்கு முதலில் மிஸிஸ் ஹார்க்ரீவ்ஸ் மேல்தான் கோபம் வருகிறது. இத்தனை வருஷம் கழித்தும் அது ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் எட்மண்டனில், பிள்ளைகளுக்கான ஒரு கிளினிக்கில் நான் ரிசப்ஷனில் இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஃபாக்டரியில் கொஞ்சக் காலம் பெட்டி ஒட்டி, பிறகு கிடைத்த வேலை. எமில்டா என்ற என் பெயரைப் பார்த்துவிட்டு என்னைப் போர்ச்சுக்கல்காரி என்று நினைத்த வெள்ளைக்காரர்கள் உண்டு. கோதை அக்கா மேல்மாடியில் பேச்சு வைத்தியர். திக்குகிற பிள்ளை, பேச்சு வராத பிள்ளை, குரல் கெட்ட பிள்ளை, எல்லாம் அவரிடம் வரும். திருச்சிக்காரர். மைசூரில் படித்து, இங்கே வந்து இன்னொரு முறை படித்து, பரீட்சை எழுதி அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். கணவர் நரசிம்மனுக்கு பாங்க் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. வீடு செவன் கிங்ஸில். அங்கிருந்து ரயிலும் பஸ்ஸும் பிடித்து வருவார்.

குரலை எப்படிப் பத்திரமாக வைத்திருப்பது என்று ஊருக்கெல்லாம் பாடம் சொல்லுகிற மனுஷி மேல்மாடியில் சிரித்தால் கீழே எனக்குக் கேட்கும். அவ்வளவு பெரிய தொண்டை. நான் கேலி பண்ணினால், "வைத்தியருக்கு வைத்தியம் கிடையாது எமில்டா, சாப்பாட்டை எடுங்க" என்பார். சாப்பாட்டு நேரம் இரண்டு பேரும் ஒரே மேசை. அவர் புளியோதரை, நான் மீன்குழம்பு. "உங்க டப்பாவை அந்தப் பக்கமா திருப்பி வையுங்க, அது என்னையே பார்க்குது" என்று தினமும் ஒரு முறை சொல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

பஸ்ஸில் போனாலும் அவருக்கு வேலைதான். முன் சீட்டில் யாராவது இருமினால் காது அங்கே போய்விடும். "அந்தாளை யாராவது டாக்டர்கிட்ட அனுப்பணும், எமில்டா. சளி இல்ல அது." அந்தாளிடம் போய்ச் சொல்லவும் சொல்லுவார். ஒரு முறை ஒருவன் கெட்ட வார்த்தையில் ஏசினான். அதற்கும் அசரவில்லை, "பார்த்தீங்களா, கத்தும்போது குரல் உடையுது" என்றார்.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில்தான் சியூ யின் வந்தாள். ஒன்பது வயது. ஹாங்காங் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த குடும்பம். பெரிய ரோட்டில் சாப்பாடு கட்டிக் கொடுக்கிற டேக்அவே கடை வைத்திருந்தார்கள். அப்பா சமையல், அம்மா மிஸிஸ் லாவ் கவுண்டரில். பிள்ளையின் குரல் அடைத்தபடியே இருக்கிறது, பாட்டு வகுப்பில் சத்தமே வரவில்லை என்று பள்ளிக்கூடத்து டீச்சர் அனுப்பியிருந்தாள்.

முதல் தரம் பார்ப்பது எப்போதும் எங்கள் தலைமை வைத்தியர் மிஸிஸ் ஹார்க்ரீவ்ஸ். பக்கத்தில் கோதை அக்கா உட்கார்ந்து குறிப்பெடுப்பார். பிறகு பிள்ளை அவரிடம் வரும். அன்றைக்கு ஃபைலைக் கொடுக்கப் போன நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன். நின்றது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால், கோதை அக்கா கூட்டிச் சொல்லுகிறார் என்று நானே நினைத்திருப்பேன்.

மிஸிஸ் லாவுக்கு இங்கிலீஷ் வராது. "சிக்கன்", "ரைஸ்", "டென் மினிட்ஸ்", "தாங்க்யூ", கவுண்டருக்கு வேண்டியது மட்டும் வரும். மொழிபெயர்க்க ஆள் கேட்டால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், காசும் கிளினிக் கணக்கில் போகும். அதனால் எங்கள் கிளினிக்கில் ஒரு வழக்கம் இருந்தது. பெற்றோருக்கு இங்கிலீஷ் வராவிட்டால் பிள்ளையே மொழிபெயர்க்கும். நோயாளியும் அதுதான், மொழிபெயர்ப்பாளரும் அதுதான். இதில் வெட்கப்பட ஏதாவது இருக்கிறது என்று அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மிஸிஸ் ஹார்க்ரீவ்ஸ் ஒரு இங்கிலீஷ் பத்தியை நீட்டினார். பிள்ளை சொல் சொல்லாக, பயந்து பயந்து வாசித்தாள். கேள்விகள் கேட்டார். "யெஸ்", "நோ", "ஃபைன்." குரல் கரகரவென்று காற்றாக வந்தது. டேப்பில் பதிந்தார்கள். அவ்வளவுதான், தீர்ப்பு தயார். கடைச் சமையலறைச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திக் குரல் நாணில் காய்ப்பு விழுந்திருக்கிறதாம். கடைக்காரப் பிள்ளைகளுக்கு இது வழக்கமாம். போதாததற்கு, அவர்கள் வீட்டில் பேசுகிற கன்டோனீஸ் என்பது ஏற்றமும் இறக்கமுமாகத் தொண்டையை வதைக்கிற பாஷையாம்.

"இனிமேல் வீட்டில் கன்டோனீஸ் வேண்டாம். ஆங்கிலம் மட்டும். அம்மாவும் உன்னோடு கன்டோனீஸ் பேசக் கூடாது, நீ பதில் சொல்ல வேண்டிவரும். அம்மாவிடம் சொல்லு" என்றார் பிள்ளையைப் பார்த்து.

கோதை அக்கா குறுக்கே விழுந்தார். ஒரு பாஷை தொண்டையைக் கெடுக்கும் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். கோடிக்கணக்கான பேர் அந்தப் பாஷையில் நல்ல குரலோடுதானே இருக்கிறார்கள் என்றார். மிஸிஸ் ஹார்க்ரீவ்ஸ் அவரைப் பார்க்காமலே, "பிறகு பேசலாம், கோதை" என்றார். அந்தப் "பிறகு" வரவே இல்லை.

பிள்ளை தாயின் பக்கம் திரும்பிச் சொன்னாள். அந்தக் கம்மிய குரலில், தன் தாயின் முகத்தைப் பார்த்து, நீ என்னோடு நம் பாஷையில் பேசாதே என்று ஒன்பது வயதுப் பிள்ளை சொன்னாள். எனக்கு அந்தப் பாஷையில் ஒரு சொல்லும் தெரியாது. தாயின் முகம் போன போக்கைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். அவள் ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள். அந்த நிமிஷமே கட்டளைக்குக் கீழ்ப்படிந்துவிட்டாள், பாவி மனுஷி.

இந்த உபதேசம் எனக்குப் புதிதல்ல. என் மகளின் பள்ளிக்கூடத்திலும் கூப்பிட்டு வைத்து, வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளை குழம்பிவிடும் என்றார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். எனக்கு இங்கிலீஷில் ஏசவே வராது. ஏசாமல் பிள்ளை வளர்ப்பது எப்படி? ஆனால் எனக்குச் சொன்னவர்கள் குழம்பிவிடும் என்றுதான் சொன்னார்கள். உன் பேச்சால் உன் பிள்ளையின் தொண்டை புண்ணாகும் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எந்தத் தாய்தான் வாயைத் திறப்பாள்?

அதற்குப் பிறகு சியூ யின் வாரா வாரம் கோதை அக்காவிடம் வந்தாள். தண்ணீர் குடிக்கப் பழக்கினார், மெதுவாகப் பேசப் பழக்கினார், சோப்புக் குமிழி ஊதவைத்தார். பிள்ளை நன்றாக ஒட்டிக்கொண்டாள். குரல் மட்டும் ஏறவில்லை. கிறிஸ்மஸ் வந்தபோது இன்னும் கம்மிப்போயிருந்தது. "தொண்டைக்குள்ள கண்ணாடி விட்டுப் பார்க்காம நாம எதுக்கு வைத்தியம் பண்றோம்னே தெரியல, எமில்டா. காய்ப்புன்னா இவ்வளவு நாள் ஓய்வுக்குக் குறைஞ்சிருக்கணும்" என்று சாப்பாட்டு மேசையில் பொருமினார்.

தலைமை வைத்தியரிடம் போய், ஆஸ்பத்திரிக்கு எழுதுங்கள் என்று கேட்டார். மிஸிஸ் ஹார்க்ரீவ்ஸ் சொன்ன பதிலைக் கேளுங்கள். ஆஸ்பத்திரி தேவையில்லையாம். குரல் தேறவில்லை என்றால் அந்தக் குடும்பம் சொன்னதைக் கேட்கவில்லை என்று அர்த்தமாம். வீட்டில் கள்ளமாகக் கன்டோனீஸ் பேசுகிறார்களாம். அடுத்த முறை தாயை நிற்கவைத்து, பிள்ளையின் வாயாலேயே அதையும் கேட்டார். தாய் இல்லை இல்லை என்று தலையாட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிஸிஸ் ஹார்க்ரீவ்ஸ் அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார். மருந்து பலிக்காவிட்டால் நோயாளியைத் திருடன் என்கிற வைத்தியத்தை நான் அங்கேதான் பார்த்தேன்.

மாசி மாதக் குளிரில் ஒரு நாள் தாயும் பிள்ளையும் வந்தார்கள். லிஃப்ட் பழுது. படியேறி மேலே போனார்கள். பிள்ளை பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். தாய் அவள் முதுகைத் தடவினாள், ஒன்றும் பேசவில்லை. பிள்ளையும் பேசவில்லை. இரண்டு பேரும் ஊமைகள் மாதிரி நின்றார்கள். நேரே கோதை அக்காவிடம் போனேன்.

"அக்கா, இதுகள் உண்மையிலேயே கதைக்கிறேல்லை. கள்ளம் ஒண்டும் இல்லை. பிள்ளை படியிலை மூச்சு வாங்கி நிக்குது. என்னாலை இனிப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. ஆரும் பெரிய ஆளை வச்சுக் கேட்டுப் பாருங்கோவன்" என்றேன்.

"யாரை வச்சு? மொழிபெயர்க்க ஆள் கேட்டு ரெண்டு தடவை எழுதிட்டேன். பதிலே இல்ல."

"தடுப்பூசிப் பிரிவிலை நேர்ஸ் வோங் இருக்கிறா. மலேசியா. ஈப்போக்காரி. கன்டோனீஸ்தான் அவவுக்கு வீட்டுப் பாஷை. சாப்பாட்டு நேரம் நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

கோதை அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "இத்தனை நாள் இதை ஏன் சொல்லலை?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் இருந்தது. நேர்ஸ் வோங் அந்த வாரம்தான் எங்கள் கட்டிடத்துக்கு மாறி வந்திருந்தாள்.

வோங் கையில் பாதி சாண்ட்விச்சோடு வந்தாள். மிஸிஸ் லாவிடம் அவள் வாயைத் திறந்ததும் அந்தத் தாய் எழுந்து நின்றுவிட்டாள். பிறகு கொட்டத் தொடங்கினாள். வோங் கேட்கக் கேட்கச் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு எங்களுக்கு இங்கிலீஷில் சொன்னாள். அந்த அம்மா இலையுதிர் காலத்திலிருந்து மகளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. சாப்பிடு என்பதற்குக் கிண்ணத்தைக் காட்டுவாள். தூங்கு என்பதற்கு விளக்கைக் காட்டுவாள். காய்ச்சல் வந்தபோது எங்கே வலிக்கிறது என்று கேட்க முடியாமல் உடம்பெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தாளாம். தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் கடை இங்கிலீஷ். பெற்ற பிள்ளையிடம் "தாங்க்யூ, டென் மினிட்ஸ்" என்றா சொல்வாள்?

கோதை அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "இப்ப இந்தப் பிள்ளை தன் பாஷையில பேசணும். நான் கேட்கணும்" என்று வோங்கிடம் இங்கிலீஷில் சொன்னார். வோங் அதைச் சொன்னதும் மிஸிஸ் லாவ் பாய்ந்து மகளின் வாயைக் கையால் பொத்தினாள்.

"அந்தப் பெரிய அம்மா பேசாதே என்றார், இந்த அம்மா பேசு என்கிறார். என் பிள்ளையின் தொண்டையை வைத்து யாரை நம்புவது என்று கேட்கிறாள்" என்றாள் வோங்.

நியாயமான கேள்வி. கோதை அக்கா தாயின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "ஒரே ஒரு தடவை. நீங்க பேச வேண்டாம். பிள்ளை நர்ஸோட பேசட்டும். எனக்கு அவ குரல் வேண்டாம், அவ மூச்சுதான் வேணும்னு சொல்லுங்க" என்றார். அவசரத்தில் வோங்கிடம் தமிழிலேயே சொல்லிவிட்டார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு இங்கிலீஷில் சொன்னார். தாய் மெதுவாகக் கையை எடுத்தாள்.

பள்ளிக்கூடத்தில் யாரோடு சண்டை என்று வோங் சும்மா கேட்டாள். அவ்வளவுதான். பிள்ளைக்கு எத்தனை நாள் ஆயிற்றோ யாரோடாவது முழுதாகப் பேசி! கையை ஆட்டி, கண்ணை உருட்டி, யாரோ ஒருத்தி பென்சிலைப் பிடுங்கிய கதையைச் சொல்லத் தொடங்கினாள். இங்கிலீஷில் "யெஸ்", "நோ" என்று நிறுத்திக்கொண்ட பிள்ளைக்கு மூச்சு வாங்க வேண்டிய தேவையே வந்ததில்லை. இப்போது நாலு சொல்லுக்கு ஒரு முறை நின்று மூச்சை உள்ளே இழுத்தாள். இழுக்கும்போது கதவு இடுக்கில் காற்று நுழைகிற மாதிரி ஒரு கிறீச் சத்தம். பேச்சு நீள நீளச் சத்தமும் கூடியது. எனக்கே கேட்டது. டேப் ஓடிக்கொண்டிருந்தது. கோதை அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், பிறகு, "போதும் கண்ணு, போதும்" என்றார்.

"எமில்டா, இது காய்ப்பு இல்ல. காய்ப்புக்குக் குரல்தான் கெடும், மூச்சு இப்படி அடைக்காது. உள்ள ஏதோ வழியை மறிச்சு வளருது."

டேப்பைத் தூக்கிக்கொண்டு மிஸிஸ் ஹார்க்ரீவ்ஸின் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். ஃபோனைப் பார்க்க ஆளில்லை, பார்க்காமல் போகட்டும் என்று விட்டேன். மிஸிஸ் ஹார்க்ரீவ்ஸ் டேப்பைப் பாதிதான் கேட்டார்.

"கன்டோனீஸ் பேசும் பிள்ளைகளின் குரல் எப்படி இருக்க வேண்டும் என்று நம்மிடம் அளவுகோல் எதுவும் இல்லை. உங்களுக்கு அந்த மொழியும் தெரியாது. எதை வைத்து முடிவு செய்கிறீர்கள், கோதை?"

"மூச்சை வெளியே விடும்போதுதான் பாஷை. உள்ளே இழுக்கும்போது எல்லாப் பிள்ளையும் ஒன்றுதான். அந்தப் பிள்ளை உள்ளே இழுக்கும்போது சத்தம் வருகிறது. அதைக் கேட்க எனக்கு எந்தப் பாஷையும் தெரிய வேண்டியதில்லை."

"அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பேசலாம்."

அடுத்த மாதம்! கோதை அக்கா டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அவ்வளவு பெரிய தொண்டைக்காரி அன்றைக்குக் கத்தவில்லை. தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்து, என் ஃபோனை எடுத்து, ஆஸ்பத்திரியில் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கு நேராகப் பேசினார். கிளினிக்கில் தலைமை வைத்தியர் கையெழுத்தில்லாமல் அப்படிப் பேசக் கூடாது. தெரிந்தேதான் பேசினார். அந்தப் பக்கம் எடுத்த இளம் டாக்டர் கேட்கட்டும் என்று ஃபோனைப் பிள்ளையின் வாய்க்கு நேராக நீட்டினார். "பேசும்மா" என்றார். பிள்ளை ஏதோ சொல்லி மூச்சு இழுத்தாள். டாக்டர் இப்போதே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

டாக்ஸியில் தாயும் பிள்ளையும் கோதை அக்காவும் வோங்கும் போனார்கள். அன்றைக்கே குழாய் விட்டுப் பார்த்தார்கள். குரல் நாணின் மேல் கொத்துக் கொத்தாக மரு. காற்றுப் போகிற வழியில் பெரும்பங்கை அடைத்துவிட்டிருந்தது. ஒரு கடுமையான சளி பிடித்திருந்தால் பிள்ளை மூச்சு முட்டிச் செத்திருப்பாள் என்று சர்ஜன் சொன்னார். மறுநாள் காலையில் ஆபரேஷன். இது திரும்பத் திரும்ப வளரும், திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். கத்தியதால் வருவதில்லை. பாஷையால் வருவதில்லை. ஒரு கிருமியால் வருவது. யார் வீட்டுப் பிள்ளைக்கும் வரும்.

கிளினிக்கில் என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? கோதை அக்காவுக்கு மாலை போட்டார்களா? எச்சரிக்கை கொடுத்தார்கள். ஒழுங்கை மீறி நடந்தாராம். மிஸிஸ் ஹார்க்ரீவ்ஸ் மேல் ஒரு துரும்பும் விழவில்லை. அந்தக் கோடையிலேயே அவருக்கு வேறு இடத்தில் பெரிய பதவி வந்தது, பூங்கொத்து கொடுக்க எங்களிடமே காசு வசூலித்தார்கள். நான் கொடுக்கவில்லை. கோதை அக்கா கொடுத்தார். "போகட்டும் எமில்டா, போறதுக்குத்தானே கொடுக்கிறேன்" என்றார். அதே நாற்காலியில் இன்னும் பல வருஷம் இருந்தார். அவரிடம் வருகிற எந்தப் பிள்ளையையும் அதன் சொந்தப் பாஷையில் பேசவைத்துக் கேட்காமல் ஒரு முடிவும் எழுதியதில்லை. சோமாலி, துருக்கி, வங்காளி, என்னுடைய யாழ்ப்பாணம், எதுவாக இருந்தாலும் சரி. மொழிபெயர்க்க ஆள் தராவிட்டால் கவுன்சிலுக்கு ஃபோன் போட்டுக் குடைந்து எடுப்பார். அவர் பெயரைக் கேட்டாலே அங்கே பெருமூச்சு விடுவார்கள்.

ஆனால் நான் மறக்காதது ஆபரேஷன் முடிந்த மறுநாள். வேலை முடிந்து நானும் கோதை அக்காவும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வோங் எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தாள். சியூ யின் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு சத்தமில்லாமல் போய் வந்தது. புண் ஆறும் வரை ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது என்று அவளுக்கு உத்தரவு. பக்கத்தில் மிஸிஸ் லாவ் கையைக் கட்டிக்கொண்டு, வழக்கம்போல ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தாள்.

"பிள்ளை பேசக் கூடாது, அவ்வளவுதான். நீங்க பேசலாம். உங்க பாஷையில, எவ்வளவு வேணும்னாலும் பேசலாம்னு சொல்லுங்க" என்றார் கோதை அக்கா. இந்த முறை இங்கிலீஷில்தான் சொன்னார்.

வோங் சொன்னாள். மிஸிஸ் லாவ் மகளைப் பார்க்காமல் கோதை அக்காவையே பார்த்து, மெல்ல ஏதோ கேட்டாள். வோங் கோதை அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"அந்த மரு, தான் பேசிப் பேசி வளர்ந்ததா என்று கேட்கிறாள். பிறந்த நாளிலிருந்து தான் இவளோடு நிறையப் பேசினாளாம்."

எனக்கு அங்கேயே கத்த வேண்டும் போல இருந்தது. மிஸிஸ் ஹார்க்ரீவ்ஸைக் கழுத்தைப் பிடித்து இழுத்து வந்து அந்தக் கட்டிலின் முன்னால் நிறுத்தி, இதற்குப் பதில் சொல்லடி என்று கேட்க வேண்டும் போல இருந்தது.

கோதை அக்கா வோங்கிடம், "இல்லை என்பதற்கு உங்கள் பாஷையில் என்ன?" என்று கேட்டார். வோங் சொல்லிக் கொடுத்தாள். கோதை அக்கா அதைத் தாயின் முகத்துக்கு நேரே சொன்னார். சரியாக வந்ததோ இல்லையோ, இன்னொரு முறை சொன்னார். மூன்றாம் முறை அவர் குரலே உடைந்துவிட்டது.

மிஸிஸ் லாவ் நாற்காலியை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டாள். மகளின் காதருகே குனிந்து சின்னதாக ஏதோ சொன்னாள். பிள்ளை வாயைத் திறக்காமல் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"என்னவாம்?" என்று நான் வோங்கிடம் கேட்டேன்.

"என்னால் இல்லையாம் மகளே, என்கிறாள்."

அரை வருஷத்துக்குப் பிறகு ஒரு தாய் தன் பிள்ளையோடு தன் பாஷையில் பேசிய முதல் பேச்சு அதுதான்.